நோயாளி பெயர்: பவுனு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில், ஜெபராணியின் பிரௌசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில், நான் ஒரு படிவத்தைத் தப்பாக நிரப்பியதில் பிறந்தது. வருடம் 2005. என் பெயர் சுருளியாண்டி. மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கொஞ்சம் திராட்சைத் தோட்டம். போதாக்குறைக்குக் கதை வேறு எழுதுவேன்.

நான்கு வருடமாக இதை எழுதப் பார்க்கிறேன். எழுதியதை என் மனைவி பவுனுவிடம் வாசித்துக் காட்டுவேன். "இது பொய்யி" என்பாள். கிழித்துப் போடுவேன். இது ஏழாவது தடவை.

2

கிழித்தவற்றில் ஞாபகம் இருக்கும் தொடக்கங்கள்:

"முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் சலசலத்து ஓடிய ஒரு காலைப் பொழுதில், பவுனுவின் இடது இமை மெல்லக் கீழே……"

("தண்ணிக்கும் என் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள். விட்டுவிட்டேன்.)

"நோய் நமக்கெல்லாம் ஒரு பெரிய……"

(இதை அவளிடம் வாசிக்கவே இல்லை. எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.)

சரி, நேராகவே சொல்கிறேன். 2004 ஐப்பசியில் பவுனுவுக்கு ஒரு இமை இறங்கியது. கார்த்திகையில் இன்னொன்று. அப்புறம் தாடை. இரண்டு வாய் மெல்லுவாள், மூன்றாவது வாய்க்குத் தாடை நின்றுவிடும். கையால் தாடையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து மென்றாள். பேச்சு மூக்கால் வந்தது. மதுரையில் ஒரு டாக்டர் பெயர் சொன்னார்: மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சொல்வதைத் தசை கேட்காத வியாதி. ஓய்வெடுத்தால் கொஞ்சம் கேட்கும், வேலை செய்யச் செய்ய மக்கர் பண்ணும். கவனிக்காமல் விட்டால் மூச்சுக்கும் அதே கதி என்றார்.

முறுக்கு என்றால் உயிரை விடுபவள், சோற்றைக் கரைத்துக் குடித்தாள். பதினான்கு கிலோ குறைந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோயில் சொன்னார்கள். ஒருவருக்கும் அந்த வியாதியின் பேரை வாயில் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

3

"இந்த வியாதிக்காரக எல்லாம் சேந்து பேசுற குரூப்பு ஒண்ணு இருக்குண்ணே," என்று ஜெபராணிதான் தேடிக் கொடுத்தாள். உள்ளே போகப் பெயர் கேட்டது.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நிற்பது யாராக இருந்தாலும் சீட்டு நோயாளி பெயரில்தான் போடுவோம். நானும் சீட்டுப் போடுவது போலவே அடித்தேன். பெயர்: பவுனு. வயது: 41. பெண்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: டைப்ரைட்டரில் பழகிய விரல். ஓங்கித்தான் அடிக்கும். "அண்ணே, கீபோர்ட ஒடச்சுப்புடாதீக, அதுக்கு உசுரு இருக்கு" என்று ஜெபராணி தினமும் கெஞ்சுவாள்.)

மறுநாள் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். கனடா, அயர்லாந்து, எங்கெங்கோ. "அன்புள்ள பவுனு, வா. உனக்கு என்ன செய்கிறதோ அதுதான் எங்களுக்கும் செய்கிறது." அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒருத்தி லீலாம்மா. ஊர் கட்டப்பனை! மலைக்கு அந்தப் பக்கம், ஜீப்பில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். ஏலக்காய்த் தோட்டக்காரி. ஒன்பது வருடமாக அதே வியாதி.

அவள் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எப்போது போடுகிறாய்?"

சாப்பிட்ட பிறகு என்று எழுதினேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்பதுதானே நம் வீடுகளின் சட்டம். "அட பெண்ணே! சாப்பாட்டுக்கு அரை மணி முந்திப் போடு, ஒரு பிஸ்கட்டோடு. சாப்பிடும் நேரத்தில் தாடைக்குப் பலம் வேண்டாமா? டாக்டரிடம் கேட்டுக்கொள்" என்றாள். ஜெபராணியின் எஸ்.டி.டி. பூத்திலிருந்தே மதுரைக்குப் போன் போட்டேன். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

அன்று மத்தியானம் பவுனு ஒரு தட்டுச் சோற்றைக் கை கொடுக்காமல் மென்றாள். நான் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னத்த அப்படிப் பாக்குறீக, கண்ணு வச்சுராதீக," என்றாள்.

4

இந்த இடத்தில் நான் யாரென்று குழுவில் சொல்லியிருக்க வேண்டும். ஜெபராணியும் சொன்னாள். "அண்ணே, உங்கள மதினின்னு நெனச்சுக்கிட்டுல்ல பேசுறாக."

"நாளைக்குச் சொல்லிர்றேம்மா."

அந்த 'நாளை' எட்டு மாதம் வரவில்லை. ஏன் என்று யோசித்தால், கடிதங்களில் இருந்த பவுனு எனக்குப் பிடித்துப்போய்விட்டாள். ஒரு பாத்திரமாக அவள்மேல் எனக்குச் சந்தேகமும் உண்டு. வீட்டுப் பவுனு கஞ்சித் தம்ளரைச் சுவரில் எறிந்தவள். கடிதப் பவுனு பொறுமைசாலி. "என் கணவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்" என்று எழுதினாள். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழ்! வெட்கம் கெட்டவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு லீலாம்மா ஒரே வரியில் பதில் போட்டாள். "சரி, அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

வியாதி வந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ணெரிச்சலாண்ணே? மானிட்டர் வெளிச்சத்தக் கொறைக்கவா?" என்று கேட்டுவிட்டு ஜெபராணி அந்தப் பக்கமே வரவில்லை.

பவுனுவின் பெயரில் பதில் எழுதினேன்: "அவர் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய் அழுகிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்."

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது, கதைக்காரன் புத்தி, அழகுக்காகச் சேர்த்தது.

5

ஒரு புதன்கிழமை லீலாம்மா எழுதினாள்: "ஞாயிறன்று மதுரைக்குப் போகிறேன். வழியில் உன்னைப் பார்க்காமல் போகமாட்டேன்."

அந்தக் குழு போனால் நான் யாரிடம் போய்ப் பேசுவேன்? பவுனுவின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

இதுவரை எழுதிப் பார்த்த முடிவுகளில் ஒன்று: பவுனு ஊரில் இல்லை என்று பொய் சொல்லித் தப்பிப்பது. சரிப்படவில்லை. பொய்க்கு மேல் பொய் அடுக்க என்னால் ஆகாது. இன்னொன்றில் லீலாம்மா சாயங்காலம் தெருவில் நின்று, "ஏமாற்றுக்காரா!" என்று கத்துவாள். அதை வாசித்தபோது பவுனு கேட்டாள், "அவுக எப்படிக் கத்துவாக? பொழுது சாஞ்சா எனக்கு மாதிரி அவுகளுக்கும் கொரலு வராதுல்ல?" கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. சனிக்கிழமை காலை, மாத்திரை போட்டு அரை மணி கழித்து, அவள் உடம்பு தெம்பாக இருக்கும் நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால், அவளுடைய மேலுதடு தூக்கிக்கொண்டிருந்தது, பல் தெரிந்தது, உறுமுகிற முகம். எழுந்துவிட்டேன். "தப்புத்தான் பவுனு, மன்னிச்சுரு."

"ஒக்காருங்க. சிரிக்கிறேன்," என்றாள்.

இந்த வியாதியில் அது ஒரு கொடுமை. வாய் ஓரம் மேலே போகாது, நடு உதடு மட்டும் தூக்கும். சிரிப்பு முறைப்பாக இருக்கும். கண்ணாடியில் அதைப் பார்த்ததிலிருந்து சிரிப்பதையே நிறுத்தியிருந்தாள். எட்டு மாதம் அவள் பெயரில் எழுதிய எனக்கு அவள் சிரிப்பின் அடையாளம் மறந்துபோயிருந்தது.

"என்னென்ன எழுதுனேன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்," என்றாள்.

ஜெபராணி எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மோட்டார் ரூம் வந்ததும் விரலால் ஒரு இமையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா எழுதுனது."

"மோட்டாரே ஓடாதப்ப ஒரு மனுசனுக்கு உள்ள என்ன வேல?" என்றாள். இமையை விட்டுவிட்டாள். "மேல படிங்க."

6

மறுநாள் லீலாம்மா பத்து மணிக்குக் கம்பமெட்டு ஜீப்பில் வந்து இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி, கையில் குடை. கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு பேரும் ஒருவர் இமையை ஒருவர் பார்த்தார்கள். இதே வியாதியுள்ள இன்னொரு முகத்தைப் பவுனு அன்றுதான் நேரில் பார்க்கிறாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். தெருவில் போகிறவர்கள் பார்த்திருந்தால் இரண்டு பொம்பளைகள் சண்டைக்கு நிற்பதாக நினைத்திருப்பார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பேசிய ஐந்தாவது நிமிடத்தில் பவுனுவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது லீலாம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் அவளிடம் கேட்டாள்.

"மோளே, அந்த எழுத்தெல்லாம் நீ எழுதினதோ? இந்த ஆள் எழுதினதோ?"

"அதாவதுங்க……" என்று நான் ஆரம்பித்தேன்.

"எல்லாம் நான் சொன்னதுதாங்க," என்றாள் பவுனு. "இவுக டைப்பு மட்டும் அடிச்சாக."

"புருஷன் நல்லாப் பார்த்துக்கிறார்னு எழுதினது?"

"நான் சொன்னதுதான்."

"மோட்டார் ரூம்?"

"அதுவும்."

லீலாம்மா நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது. கிளம்பும்போது ஒரு பொட்டலம் ஏலக்காயை என் கையில் வைத்து, மெதுவாகச் சொன்னாள்: "நோயாளிக்கு மட்டுமல்ல, பார்த்துக்கிறவருக்கும் அங்கே இடமுண்டு, கேட்டோ. சொந்தப் பேரில் வா." மறுநாளே சொந்தப் பெயரில் சேர்ந்தேன். அந்தப் பதினொரு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அயர்லாந்துக்காரர், "அப்படியானால் எங்களுக்கு இரண்டு நண்பர்கள்" என்று எழுதினார்.

7

இப்போது 2009. பவுனுவுக்கு முழுசாகக் குணமாகவில்லை. இந்த வியாதிக்காகவே மார்பில் ஒரு ஆபரேஷன் ஆனது. இமைகள் மாலையில்தான் இறங்குகின்றன. இழந்த கிலோக்களில் ஒன்பது திரும்பி வந்திருக்கிறது. லீலாம்மா வருடத்துக்கு இரண்டு தடவை மலை இறங்கி வருகிறாள்.

கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஒரு இடம் மட்டும் காலி. "எல்லாம் நான் சொன்னதுதாங்க" என்று அன்று பவுனு சொன்னது என்னைக் காப்பாற்றவா, அல்லது நான் எழுதிய அந்த வரிகள் நிஜமாகவே அவளுடையவையா? நான்கு வருடமாகக் கேட்கவில்லை. கேட்கப் பயம். இது தெரியாமல் கடைசி வரியை எழுத முடியாது என்பதால், இன்று காலை ஆறாம் பகுதிவரை வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டே விட்டேன்.

அவள் மாத்திரை போட்டு அரை மணி ஆகியிருந்தது. மடியில் முறுக்கு டப்பா. "இது பொய்யி" என்று இந்தத் தடவை சொல்லவில்லை. ஒரு முறுக்கை எடுத்து, பொறுங்கள் என்பது போல மற்றக் கையைக் காட்டினாள். தாடை தெம்பாக இருக்கும் நேரத்தை என் கேள்விக்காக வீணாக்குவதாக இல்லை.

அவள் வாய் ஒழிந்ததும் என்ன சொல்லுவாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கறுக், முறுக் என்று சத்தம் கேட்கிறது. மூன்றாவது முறுக்கு.