வேதமுத்து வீட்டு போன்

கம்ப்யூட்டர் மேசையை நகர்த்தாமல் சவப்பெட்டியைக் கூடத்தில் வைக்க முடியவில்லை. ஒரு பக்கம் லோகநாதன் தூக்க, மறுபக்கத்தை ஹில்டாவே பிடித்தாள். புருஷன் செத்த அன்று பொண்டாட்டி மேசை தூக்குவதா என்று யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆள் வந்திருந்தால்தானே. பட்டாபிராமுக்குக் குடிவந்து இத்தனை காலத்தில் வேதமுத்துவுக்குத் தெரிந்தவன் என்று, ஆபீஸில் கூட வேலை செய்த இந்த லோகநாதன் ஒருவன்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு சிநேகிதங்க நெறைய பேரு. எல்லாம் வெளிநாட்ல புரோகிராம் எழுதறவங்க. சொல்லிடட்டா?"

அவளுக்குத் தெரியாததா? ஆபீஸ் விட்டு வந்ததும் போன் ஒயரைக் கழற்றி, இன்டர்நெட்டுக்காக மோடத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்; அவர் எழுந்திருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் லைன் எங்கேஜ்டுதான். எந்த நாட்டிலோ ஒருவன் புரோகிராமில் மாட்டிக்கொண்டு கேட்பான், இவர் வழி சொல்லுவார். இவர் மாட்டிக்கொண்டால் இன்னொருவன் சொல்லுவான். வீட்டில் கேட்டால் மட்டும் வெறும் "ம்". முகம் தெரியாத அந்த ஆட்கள் மேல் ஹில்டாவுக்குச் சக்களத்தி மேல் வருகிற எரிச்சல்.

"அப்டி இன்னாதான் எழுதுவாரு அவங்களுக்கு? படி பாப்போம்."

ஒயரை மோடத்தில் சொருகி, கம்ப்யூட்டரைப் போட்டு, போர்ச்சுக்கல்காரன் ஒருவனுக்கு அவர் கடைசியாக எழுதிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னான் லோகநாதன்.

"'பயப்படாத. எனக்கும் மொதல்ல இப்டித்தான் ஆச்சு. ஒவ்வொரு வரியா ஓட்டிப் பாரு, எங்க நிக்குதுன்னு சொல்லு. எத்தினி வாட்டி வேணா கேளு. நான் இங்கதான் கீறேன்.'"

ஹில்டா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பொறுமையாக அவளிடம் அவர் ஒரு நாளும் பேசியதில்லை. 

"இன்னொரு வாட்டி படி, தம்பி."

படித்தான்.

"அந்தாளுக்கு வேலை முடிஞ்சுதா?"

"இல்ல அண்ணி. இன்னும் நிக்குதாம். அண்ணன் பதிலுக்குக் காத்துக்கினு கீறான்."

"தெரிஞ்சா நீயாவது சொல்லிடு. பாவம்."

சாவுச் செய்தியை எல்லாருக்கும் அனுப்பினான். பிறகு அந்தப் போர்ச்சுக்கல்காரனுக்கு உட்கார்ந்து நிதானமாக வழி எழுதினான். முடித்து ஒயரைக் கழற்றி போனில் சொருகியதும் மணியடித்தது. அரக்கோணத்திலிருந்து நாத்தனார் லூர்தம்மாள்.

"எந்நேரமா போடறேன் ஹில்டா, எப்பவும் போல எங்கேஜ்டாவே கீது! அடக்கம் எத்தினி மணிக்குனு கேக்கத்தான். யாரு லைன்ல இருந்தது?"

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில் தானாக வாயில் வந்துவிட்டது.

"அவருதான்."

அந்தப் பக்கம் லூர்தம்மாள் விசும்புவது கேட்டது. ஹில்டா போனை வைக்கவில்லை.