அடித்தாவது எழுப்பு

ஈரத் துண்டை முறுக்கிக் கணவனின் முதுகில் ஓங்கி ஒரு வீச்சு வீசினாள். சுளீர் என்றது. போர்வைக்குள்ளிருந்து அவளுடைய அம்மாவைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. இரண்டாவது வீச்சு தொடையில் விழுந்தது. மூன்றாவதற்குக் கையை ஓங்கும்போது போர்வையைக் கிளப்பிக்கொண்டு ஒரு கால் பாய்ந்து வந்து அவள் வயிற்றில் உதைத்தது. அலமாரியில் போய் முட்டிக்கொண்டாள். மேலே இருந்த மாத்திரை டப்பா விழுந்து தரையெல்லாம் மாத்திரை உருண்டது.

"எந்திரிச்சுத் தொலைங்க. மணி ஆறு."

"மூணு மணி நேரம்தான்டி தூங்கினேன். செத்துடுவேன்."

"நடக்கலைன்னாலும் சாவுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு. நடந்துட்டுச் சாவுங்க."

பார்க்கிறவர்கள் இதைக் குடும்பச் சண்டை என்பார்கள். மேல் மாடித் தையல்காரர்கூட முதல் வாரம் அப்படித்தான் நினைத்துக் கதவைத் தட்டினார். சண்டை இல்லை, உடற்பயிற்சி. அவனே கேட்டு வாங்கிக்கொண்ட அடி.

அவன் இறைச்சிக்கூடத்தில் எலும்பு பிரிக்கிறவன். கொக்கியில் தொங்கிக்கொண்டு வருகிற முன்தொடையை இழுத்துப் பலகையில் போட்டு, கத்தியை எலும்போடு ஓட்டிச் சதையைத் தனியாகக் கழற்ற வேண்டும். அடுத்த தொடை அதற்குள் தலைக்கு மேல் வந்து நிற்கும். பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிற வேலை. கூட்டாளிகள் அவனை எலும்பன் என்று கூப்பிட்டார்கள். அந்த உடம்பில் எலும்பைத் தேடிக் கண்டுபிடிக்க இன்னொரு எலும்பன்தான் வர வேண்டும் என்று அவர்களே சிரித்தும் கொண்டார்கள். வேலை முடிந்து வந்து படுத்தாலும் தூக்கம் லேசில் வராது. காதுக்குள் ரம்பம் ஓடும். கண்ணை மூடியபடியே வலது மணிக்கட்டு எதையோ அறுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் படுத்திருக்கிற அவள் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்துகொள்வாள்.

ஆறு மாதத்துக்கு முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலகை மேலேயே சாய்ந்துவிட்டான். பிழைத்தது அதிர்ஷ்டம். டாக்டர் நேருக்கு நேராகச் சொன்னார்: தினமும் முக்கால் மணி நேரம் நடந்தால் மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடுத்த தடவை நேராகப் பிணவறைதான். அவன் பயந்துதான் போனான். எட்டு நாள் நடந்தான். ஒன்பதாம் நாள் உடம்பு எழுந்திருக்க மறுத்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று முனகினான். அவள் பதறியடித்துக்கொண்டு மேல் மாடிக்கு ஓடி, தையல்காரரை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தால், எலும்பன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். பொய்! பத்து நிமிடத் தூக்கத்துக்காக நெஞ்சுவலி!

அன்றைக்குத்தான் ஒப்பந்தம் போட்டார்கள். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு அவனே சொன்னான்.

"காலையில நான் என்ன சொன்னாலும் நம்பாதே. கால் வலி, நெஞ்சு வலி, எது சொன்னாலும் சரி. அது நான் பேசலை, என் தூக்கம் பேசுது. அடிச்சாவது எழுப்பு."

"நிஜமாவே அடிப்பேன்."

"அடிடி. நான் அடிச்சதுக்குப் பதிலா வச்சுக்கோ."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. கல்யாணமான இரண்டாம் வருஷம் குக்கர் மூடி பறந்து வந்து பட்ட இடம். அது ஒன்றுதான் வெளியில் தெரிகிற தழும்பு. மகளுக்குப் பதிமூன்று வயதானபோது, நடுவில் வந்து நின்று, "இனிமே அம்மா மேல கை வச்சா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள். அதோடு நின்றது. அவன் மன்னிப்புக் கேட்டதில்லை. அவளும் கேட்கச் சொன்னதில்லை. ஊமைக் காயமாக உள்ளேயே கிடந்தது.

முதலில் உலுக்கினாள். அப்புறம் தண்ணீர் தெளித்தாள். அப்புறம் கிள்ளினாள். எதற்கும் அசையாதபோது முதல் அறை விழுந்தது. உள்ளங்கை எரிந்தது. ஐயோ, என்ன செய்துவிட்டோம் என்று ஒரு கணம் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த கணம் உடம்பெல்லாம் ஒரு லேசான இனிப்பு பரவியது. அதை மறைப்பானேன், இனித்தது. மறுநாள் அலாரம் அடிப்பதற்கு முன்பே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது.

அவனும் சும்மா வாங்கவில்லை. தூக்கத்தில் உதைப்பான், குத்துவான். ஒருநாள் முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். ரத்தம் தோய்ந்த விரிப்புகளைத் தூக்கி இயந்திரத்தில் திணித்துத் திணித்துக் கை இரண்டும் உலக்கை மாதிரி ஆகியிருந்தன. உதட்டுக்கு என்ன ஆச்சு என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். "புருஷனை வாக்கிங் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். கொல்லென்று சிரித்தார்கள்.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். தரையில் கிடந்த ரப்பர் பொம்மையின் நெஞ்சில் கையை வைத்து அமுக்க வேண்டும். அவள் ஏதோ மாவு பிசைவதுபோல அமுக்கினாள். சொல்லிக்கொடுத்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "தடவிக் கொடுக்காதீங்கம்மா! நெஞ்சு உள்ள போகணும். விலா உடைஞ்சாலும் நிறுத்தக் கூடாது."

"நமக்கு ஒண்ணுமே பண்ணாத பொம்மையை எப்படிங்க அடிக்கிறது?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

என்ன சொன்னாலும், அடி பலித்தது. ஐந்து மாதத்தில் அவன் பெல்ட் மூன்று ஓட்டை உள்ளே போனது. முதுகில் கன்றிப்போன கோடுகளோடு பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு, வியர்க்க வியர்க்க வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "நீ மட்டும் இல்லைன்னா படுத்தே செத்திருப்பேன்டி" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அவனை எழுப்புவதற்காக அடிக்கிறாளா, அடிப்பதற்காக எழுப்புகிறாளா? நான்கு நாள் யோசித்தாள். பதில் பிடிக்காததால் யோசிப்பதை விட்டுவிட்டாள்.

மாத்திரை டப்பா விழுந்த அந்தக் காலை அப்படித்தான் வந்தது. முந்தைய நாள் எலும்பு பிரிக்கிற வரிசையில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. மூன்று ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்துவிட்டு வந்திருந்தான். உதைத்ததோடு அவன் வேகம் தீர்ந்துபோயிற்று. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு. கை மரத்துப்போச்சு."

"எலும்பு பிரிக்கிறவனுக்குக் கை மரக்காம மூக்கா மரக்கும்? எந்திரிங்க."

"இல்லடி... நிஜமாவே முடியலை."

நிஜமாவே. இந்த வார்த்தையை ஐந்து மாதமாக விடிந்தால் கேட்கிறாள். அவளுக்கு வயிற்றில் உதை பட்ட இடம் விண்விண்ணென்று வலித்தது. அந்த வலிக்குள்ளிருந்து பழைய வலியெல்லாம் எழுந்து வந்தது. அவன் தோளைப் பிடித்துப் புரட்டி, முழுக் கையையும் வீசிக் கன்னத்தில் ஒன்று விட்டாள். குக்கர் மூடிக்கு வைத்திருந்த அடி அது. அவன் உதட்டோரம் ரத்தம் கசிந்தது.

அவன் திருப்பி அடிக்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். வலது காலில் ஷூவை மாட்டினான். இடது ஷூவை எடுக்கப்போன இடது கை பாதியிலேயே நின்றது. கத்தி பிடிக்கிறது வலது கை அல்லவா, இது ஏன் மரத்தது என்று அவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அவன் எழுந்து நின்றான். நின்று, இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தான்.

அந்த அசைவு அவளுக்குத் தெரியும். இறைச்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதே, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போ. வீட்டில் கரண்டி விழுந்தால்கூட அவன் அப்படித்தான் செய்வான். இப்போது எதுவும் விழவில்லை. அவள் தரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் முகம் சாம்பலாக இருந்தது.

விழுந்தது அவன்தான். பின்மண்டை கட்டில் சட்டத்தில் மோதிய சத்தம் மாடி வரை கேட்டிருக்கும்.

"ஏங்க! ஏங்க!"

மூச்சு இல்லை. மூக்கில் விரல் வைத்தாள், இல்லை. தையல்காரரைக் கூப்பிட்டு அலறிய அலறலில் தொண்டை கிழிந்தது. அவன் பக்கத்தில் மண்டி போட்டு, நடுநெஞ்சில் ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்தாள். முதல் நான்கைந்து அமுக்கல் பொம்மைக்குக் கொடுத்த மாதிரியே போயிற்று. அவன் உடம்பு அசையவே இல்லை. கன்னத்தில் அவளுடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ அறுந்தது. உலக்கைக் கைகளை நேராக்கி, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் போட்டுக் குத்தினாள்.

"எந்திரி! அடிச்சாவது எழுப்புன்னு சொன்னியே, இந்தா வாங்கிக்கோ! எந்திரி! பொய் சொல்லுடா, தூக்கம்னு சொல்லு! எந்திரிடா!"

உள்ளே ஏதோ மளுக்கென்று முறிந்தது. கைக்கடியில் அது நகர்வது தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. கண்ணீரும் மூக்குச் சளியும் அவன் மேலேயே ஒழுகின.

தையல்காரர் வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு கதவருகில் நின்று, ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெருவின் பெயரைத் திரும்பத் திரும்பப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலடியில் அலாரம் இரண்டாம் முறையாக அடிக்க ஆரம்பித்தது. அதை அணைக்க யாருக்கும் கை ஒழியவில்லை. அவள் குத்திக்கொண்டே இருந்தாள். சிதறிக் கிடந்த மாத்திரைகளுக்கு நடுவே, ஒவ்வொரு குத்துக்கும், ஷூ போட்ட காலும் வெறுங்காலும் நடப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன.