நாற்பதாம் எதிரி

அரசியல்வாதிகள் தரும் வாக்குறுதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, 'போராடிய மக்கள் மீது போட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவோம்' என்பதுதான். சிமெண்ட் வேண்டியதில்லை, டெண்டர் விடவேண்டியதில்லை, திறப்பு விழாவுக்கு ரிப்பன்கூடத் தேவையில்லை. இருக்கிறவர்கள் போட்ட வழக்கை வருகிறவர்கள் எடுப்பார்கள். சில சமயம் தேர்தல் நெருங்கினால் போட்டவர்களே எடுப்பார்கள். ஓசூர் கோர்ட்டில் இருபத்தாறு வருடமாக இதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எந்தக் கட்சி மேலும் கோபம் கிடையாது, பாசமும் கிடையாது. எங்கள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவன் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சத்தியம் செய்து, கன்னடத்தில் பல்டி அடிப்பான். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு எதுவும் உறைப்பதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் ஒரு திங்கட்கிழமை காலை வெங்கடசாமி என் ஆபீஸ் படியேறி வந்தார். என்னிடம் வழக்கு நடத்தும் பழைய கட்சிக்காரர். தேன்கனிக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, இவர் காலத்தில்தான் அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர் பட்டா. அதில் தக்காளி போடுவார், யானை இறங்காத வருடம் தக்காளி மிஞ்சும். தொழிற்பேட்டையைப் பெரிதாக்க அந்த ஒன்றரை ஏக்கரையும் சேர்த்து எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தபோது, ஊரே திரண்டு என்னிடம் வந்தது. அந்த ஊரின் முப்பத்திரண்டு நில வழக்குகளையும் நான்தான் நடத்திவந்தேன். வெங்கடசாமி அவர்களுடைய நிலமீட்புச் சங்கத்தின் தலைவர்.

அன்று அவரோடு மகள் மாதேஸ்வரியும் வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையிலிருந்த தபாலை என் மேஜைமேல் வைத்தாள்.

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், உயரம், மருத்துவம் எல்லாம் தாண்டி அவள் பெயர் தேர்வுப் பட்டியலில் வந்துவிட்டது. பாக்கி இருந்தது நன்னடத்தை விசாரணை ஒன்றுதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அவள்மேல் ஒரு குற்ற வழக்கு இருக்கிறதாம், விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதும் இல்லை' என்று எழுதி அதை மறைத்துவிட்டாளாம். முப்பது நாளுக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் தேர்வு ரத்து.

"எம்மேல கேஸ் எப்புடி சார்? நான் ஸ்டேஷன் வாசப்படி கூட மிதிச்சதில்லீங்க," என்றாள்.

வெங்கடசாமி ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே பதில் தெரியும்.

நம் ஊரில் சாலை மறியலுக்கு ஒரு முறை உண்டு. மறித்தால் போலீஸ் வேனில் ஏற்றுவார்கள், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள், பொட்டலத்தில் தயிர்சாதம் வரும். ஒரு ஏட்டு நோட்டோடு உட்கார்ந்து பேர், தகப்பன் பேர், வயது கேட்டு எழுதிக்கொள்வார். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். மறுநாள் பேப்பரில் எத்தனை பேர் கைது என்று வருகிறதோ, அதுதான் அந்தப் போராட்டத்துக்கு மரியாதை. அதனால் வராதவர்களின் பேரையும் சேர்த்துச் சொல்வது எல்லாக் கட்சிக்கும் பொதுவான பழக்கம். மறுநாள் பேப்பர் பஜ்ஜி மடிக்கப் போய்விடும், வழக்கும் அப்படியே போய்விடும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆவணியில் அந்த ஊர்க்காரர்கள் நிலத்துக்காக மறியல் செய்தபோது உண்மையில் வந்தது முப்பத்தெட்டுப் பேர். வக்கீல் என்ற முறையில் நானும் மண்டபத்துக்குப் போயிருந்தேன். முப்பத்தெட்டு என்று ஏட்டு எண்ணிச் சொன்னதும் வெங்கடசாமியின் முகம் வாடிப்போயிற்று. நான்தான் அவர் தோளில் கைவைத்துச் சொன்னேன்: "வூட்ல இருக்கறவங்க பேரையும் சேத்துக் குடுங்க. கூட்டம் பெருசுன்னாத்தான் கூப்ட்டுப் பேசுவாங்க. இந்தக் கேஸெல்லாம் நிக்காது. நான் பாத்துக்கறேன்."

தலைவர் என்பதால் அவரே முதலில் கொடுத்தார். முப்பத்தொன்பது, மனைவி செல்லி. நாற்பது, மகள் மாதேஸ்வரி. அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுக்க, பட்டியல் அறுபத்து மூன்றில் வந்து நின்றது. ஒரு வாரத்தில் பேச்சுவார்த்தைக்கும் கூப்பிட்டார்கள். என் யோசனை பலித்தது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் போலீஸ் தமிழில் 'எதிரி' என்று பெயர். அறுபத்து மூன்று எதிரிகள் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது, சம்மன் யாருக்கும் வரவில்லை, வழக்குக் கட்டு எங்கோ தூங்கியது. மகளிடம் சொல்லவேண்டும் என்று வெங்கடசாமிக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"நாந்தாம்மா உம்பேரைக் குடுத்தேன்," என்றார் வெங்கடசாமி ஜன்னலைப் பார்த்தபடியே. "தலைவன் வூட்லருந்தே ஆளு வரலன்னா ஊர்ல என்னா பேசுவாங்கொ?"

"அன்னிக்கு எனக்குப் பரீட்சைப்பா," என்றாள் அவள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் என் பேரை எடுக்கவேயில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

அந்த வாரமே ராஜப்பன் வந்தார். கட்சியின் ஒன்றியச் செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை, எந்தக் கட்சியில் இருந்தாலும் ராஜப்பன் இப்படித்தான் பேசியிருப்பார். கையில் ஒரு மனு. "வாபஸ் ஆர்டர் வரப்போவுது வக்கீல் பாய். அறுபத்து மூணு பேரும் இதுல கையெழுத்துப் போட்டாப் போதும். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கூட்டம், மேடையில அத்தன பேருக்கும் பொன்னாட. உங்களுக்கும் ஒன்னு இருக்குது."

மாதேஸ்வரியைக் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். ஏன் என்று கேட்க அவளே மறுநாள் வந்தாள். டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் வந்தவனைச் செக்கர் பாவம் பார்த்து விட்டால், அவன் டிக்கெட் வாங்கினவன் ஆகிவிடமாட்டான். வாபஸும் அப்படித்தான். செய்ததை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமே தவிர, செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அந்த மனுவில் கையெழுத்துப் போட்டால் மறியலில் இருந்தேன் என்று அவளே ஒப்புக்கொண்டதாகும். மற்றவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை, தக்காளி போட யாரும் நன்னடத்தைச் சான்று கேட்பதில்லை. போலீஸ் வேலைக்கு அது போதாது. 'இவள் அங்கே இல்லவே இல்லை' என்று ஒரு நீதிமன்றம் எழுதவேண்டும்.

"பரீட்சை எழுதுனதுக்கு ஹால் டிக்கெட் இருக்குதுங்க சார்."

"உம் பரீட்சை கிருஷ்ணகிரியில ஒரு மணிக்கு முடிஞ்சிருச்சு. மறியல் ரெண்டரைக்கு. பஸ் ஏறி வந்துட்டான்னு சொல்லுவாங்க."

வேறு வழியில்லை. பேரைக் கொடுத்தவரே வந்து, இல்லாத மகளின் பேரை நான்தான் கொடுத்தேன் என்று சத்தியம் செய்யவேண்டும். வெங்கடசாமியின் பிரமாண வாக்குமூலத்தை அன்று மத்தியானமே டைப் செய்தேன். 'அறியாமையால் என் மகளின் பெயரைக் கூறிவிட்டேன்' என்று எழுதினேன். கோர்ட்டில் எந்த ஓட்டையையும் அடைக்க இந்த 'அறியாமை' உதவும்.

அடுத்த புதன்கிழமை அப்பாவும் மகளும் கையெழுத்துப் போட வந்தார்கள். மாதேஸ்வரி அதை இரண்டு முறை படித்தாள்.

"எங்கப்பாவுக்கு அறியாமையா சார்? ஊர்ல முப்பத்திரண்டு பேரோட சர்வே நம்பரும் மனப்பாடமாச் சொல்லுவாரு. பெத்த பொண்ணு பேரைப் போலீஸ்ல குடுக்கறது கேஸ் ஆவும்னு தெரியாமக் குடுத்தாருன்னா ஜட்ஜு நம்புவாருங்களா?"

"எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும் வுடும்மா," என்றார் வெங்கடசாமி.

"நீ சொல்லுப்பா. கேஸ் ஆவும்னு தெரிஞ்சும் எந்தத் தைரியத்துல குடுத்தே?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பாயை இதுல இழுக்கக் கூடாது," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். இருபத்தாறு வருடம் குறுக்கு விசாரணை செய்தவனை அந்தப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாம்மா குடுக்கச் சொன்னேன்," என்றேன். "நிக்காதுன்னு சொன்னதும் நான்தான்."

வெங்கடசாமி பதறிவிட்டார். "அதை எழுதக் கூடாதுங்க பாய். ஊருக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்க பேரு கெட்டா நாளைக்கி நெலத்துக்கு யாரு வந்து நிப்பாங்கொ?"

"எனக்கு யாருப்பா நிப்பாங்க?" என்றாள் மாதேஸ்வரி.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த ஒரு வரியை எழுதினால் எதிர்த்தரப்பு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போராட்டமே வக்கீல் ஜோடித்த நாடகம் என்று நில வழக்கில் சொல்லும். பார் கவுன்சிலுக்கு யாராவது ஒரு புகார் தட்டிவிடலாம். எனக்குப் பயமாக இருந்தது, ரொம்பவே பயமாக இருந்தது. ஆனால் அவளுக்காக நிற்க வேறு யாரும் இல்லை. 'அறியாமையால்' என்பதை அழித்துவிட்டு, 'அப்போது மண்டபத்தில் இருந்த வழக்கறிஞர் தஸ்தகீர் கூறிய யோசனையின்படி' என்று என் பேரையே போட்டு டைப் செய்தேன். அது உண்மை என்று என் பங்குக்கும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாட்சியாகிவிட்டவன் அதே வழக்கில் வக்கீலாக நிற்கக்கூடாது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வழக்குக் கட்டைச் சென்னைக்கு, ஒரு காலத்தில் என்னிடம் ஜூனியராக இருந்த விமல்ராஜுக்கு அனுப்பினேன். கிடைத்த அன்றே போன் செய்தான்.

"சார், இந்த வரி வேணாம் சார். வேற மாதிரி எழுதிக்கலாம்."

"வேற மாதிரியும் எழுதிப் பாத்தேன்ப்பா. அந்தப் பொண்ணே நம்பல."

விஷயம் கசிந்து ராஜப்பன் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. "அறுபத்து மூணுன்னு போஸ்டர் அடிச்சு ஒட்டியாச்சு. ஒருத்தி வரலன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, மத்தவங்களும் வரலன்னு ஆவாதா?"

"ஆகும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. மறியல் நடந்த அன்று வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த செல்லிக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. வாபஸ் ஆர்டர் இன்றுவரை வரவில்லை. முப்பத்திரண்டு நிலக் கட்டுகளில் பதினொன்றை, ஆட்சேபணை இல்லை என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் கொண்டுபோனார்கள். வாங்க வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

உயர் நீதிமன்ற விசாரணையை இங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நீதிபதி காகிதங்களைப் புரட்டினார். அரசு வக்கீல், பெண் மறியலுக்கு வந்திருக்க நேரம் இருந்தது என்று ஆரம்பித்து, பேரைக் கொடுத்தவரே மறுக்கிறாரே என்று நீதிபதி கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

"யார் இந்தத் தஸ்தகீர்?" என்றார் நீதிபதி.

விமல்ராஜ் கொஞ்சம் தயங்கினான். "என் சீனியர், மை லார்ட்."

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது உத்தரவு நகல் வந்தது. மாதேஸ்வரி தனியாகத்தான் வந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாக, விரல் வைத்துப் படித்தாள். சம்பவ இடத்தில் மனுதாரர் இருக்கவில்லை, வழக்கு இருந்ததே அவருக்குத் தெரியாது, அவரைப் பொறுத்தவரை குற்றப்பத்திரிகை ரத்து. அவளுக்கு வேண்டியது முழுவதும் ஆறாவது பத்தியிலேயே முடிந்துவிட்டது. ஏழாவது பத்தி எனக்கு. சட்டம் தெரிந்த ஒருவரே பொய்ப் பெயர்களைக் கொடுக்கத் தூண்டியிருக்கிறார், அது அவருடைய தொழிலுக்கு இழுக்கு, வழக்கறிஞர் தஸ்தகீர் வன்மையாகக் கண்டிக்கப்படுகிறார்.

அவள் அதையும் விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் தலை நிமிர்ந்தாள்.

"இந்தப் பக்கம் இல்லாமக் குடுக்க முடியாதுங்களா சார்?"

"பக்கம் கொறஞ்சா நகல் செல்லாதும்மா. எல்லாத்தையும் சேத்துத்தான் குடுக்கணும்."

"எம் ஃபைல்லயே இருக்குமா?"

"நீ ரிட்டயர் ஆகற வரைக்கும் இருக்கும்."

காகிதங்களை அடுக்கி உறையில் போட்டாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"அங்க ஆபீஸ்ல, யாரு இந்த வக்கீலுன்னு கேட்டா என்னா சொல்லட்டுங்க சார்?"

"உள்ளதைச் சொல்லும்மா. பொய்ப் பேரு குடுக்கச் சொன்னவர்னு சொல்லு."

"அதுதான் இதுலயே எழுதியிருக்குதே," என்றாள். "எங்க வக்கீல்னு சொல்லிக்கறேன்."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.