மச்சானைச் சாகடித்த பாட்டு

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில், காலை பத்தரை மணி டீ இடைவேளைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாளைக்கு ஒருவர், ஒரு பாட்டு. எந்த மொழியாகவும் இருக்கலாம், கேட்கச் சகிக்காததாகக்கூட இருக்கலாம். ஆனால் பாட்டு முடிந்ததும் அதன் பின்னால் இருக்கிற கதையைச் சொல்லியாக வேண்டும். 'சும்மா பிடிக்கும்' என்றால் செல்லாது. அடுத்த வாரம் அவருடைய முறை ரத்து.

இருந்தது நாலு பேர், ஒரு ஸ்பீக்கர். அதற்காகத் தினமும் அடித்துக்கொண்டதால் சூப்பர்வைசர் அம்மா போட்ட சட்டம் அது. முதல் பாட்டையும் அவரேதான் வைத்தார். காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தால், 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லிவிட்டு ஒரு பீப்பீ ஊதுவார்களே, அது.

"இதெல்லாம் ஒரு பாட்டாம்மா?" என்றார் வண்டி டிரைவர்.

"பேசாம கேளுப்பா. வீட்டுக்காரரை விட்டுப் போயிடறதுன்னு முடிவு பண்ணி, பாலிசில அவர் பேரை எடுக்கறதுக்குப் போன் போட்டேன். முப்பத்தெட்டு நிமிஷம் இதையே ஊதினான். அதுக்குள்ள அந்த மனுஷன் டீ போட்டுக் கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டாரு. போனை வச்சிட்டேன். இப்ப பதினாறு வருஷம் ஆச்சு."

டிரைவர் வைத்தது ஏதோ வெளிநாட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. "ஒரு வார்த்தை புரியாது. ஆனா இதுக்கு ஆடிக்கிட்டே ரிவர்ஸ் எடுத்துதான் எங்க மாமனார் வீட்டுச் சுவரை இடிச்சேன். அப்ப அவர் எனக்கு மாமனார் இல்ல."

இப்படி எல்லாரிடமும் கதை இருந்தது. சூடான ரோலரில் பெட்ஷீட்டுகளைத் தேய்த்து அனுப்பும் இஸ்திரிக்காரரிடம்தான் இல்லை. நாற்பத்தைந்து வயது. நிறையப் பாட்டுகள் பிடிக்கும். எந்தப் பாட்டுக்குப் பின்னாலும் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது கேட்டேன், சவரம் செய்யும்போது கேட்டேன் என்பார். இரண்டு முறை ரத்தாகிவிட்டது.

"உங்க வாழ்க்கையே இஸ்திரி போட்ட மாதிரி இருக்குண்ணே, ஒரு சுருக்கம்கூட இல்ல" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். இஸ்திரிக்காரரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மூன்றாவது முறை வந்தபோது அவர் செய்ததுதான் தப்பு. ஒரு புல்லாங்குழல் இசையை வைத்தார். சோகம் என்றால் அப்படி ஒரு சோகம். கேட்டால் கல்லும் மூக்கைச் சிந்தும். முடிந்ததும் நாலு பேரில் மற்ற மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. சாகடிக்க அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. அன்று காலையில்தான் அவருடைய மச்சான், இரவல் வாங்கிப்போன ஏணியை ஒரு படி உடைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

"எங்க மச்சான்" என்றார் இஸ்திரிக்காரர். "வீட்டுக்காரியோட அண்ணன். மஞ்சக்காமாலை. கடைசி நாள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளிய யாரோ இதை வாசிச்சாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மாப்ளே, நல்லாருக்குல்ல'ன்னாரு. அவ்வளவுதான்."

சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்துவிட்டது. டிரைவர் எழுந்து வந்து தோளைத் தட்டினார். சூப்பர்வைசர் அம்மா, அன்று அவரைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் போய்ப் படம் பார்த்தார்.

அதோடு முடிந்திருந்தால் கடவுளும் போனால் போகிறது என்று விட்டிருப்பார். ஆனால் அந்தக் கூடத்தில் மடிப்பு அக்கா இருந்தார். ரோலரின் இந்தப் பக்கம் இஸ்திரிக்காரர் துணியை உள்ளே விட்டால், அந்தப் பக்கம் அதைப் பிடித்து மடிப்பவர். ஐம்பது தாண்டியவர். இரண்டு வருடமாகத் தன் முறை வரும்போதெல்லாம் "எனக்கு வேண்டாம், அடுத்தவங்க வைங்க" என்று நகர்ந்துவிடுவார். மச்சான் செத்த மறுநாள் அவர் முறை. எழுந்து வந்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு குத்துப்பாட்டை வைத்தார். டப்பாங்குத்து. டீ கிளாஸ் எல்லாம் அதிர்ந்தது.

"என் தங்கச்சி பாட்டு" என்றார். "இதே ஆஸ்பத்திரிதான், மேல நாலாவது மாடி. எழுந்திருக்க முடியாது. ஆனா இந்தப் பாட்டு வந்தா உக்காந்துகிட்டே தோளை ஆட்டுவா. நர்ஸுங்கள்லாம் வந்து நிப்பாங்க. கடைசி வாரம் தோளும் முடியல. ஒரு விரலை மட்டும் ஆட்டினா." விரலை ஆட்டிக் காட்டினார். "யார்கிட்டயும் சொன்னதில்ல. நேத்து தம்பி மச்சானைப் பத்தி சொன்னப்பதான் எனக்கும் வாய் வந்துச்சு."

இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். இந்த முறை யாரையும் சாகடிக்காமலே அழுகை வந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு மாலை. அவர் சட்டையைக் கழற்றி மாட்டும்போது மனைவி சொன்னாள்:

"எங்க அண்ணனுக்குப் புதுக் கம்பெனில வேலை கிடைச்சிருச்சாம். பாய்லர் ரிப்பேர். நாளைக்கு மொத வேலையே உங்க சலவைக்கூடம்தானாம். என்னங்க, ஏன் அப்படியே உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு."

மறுநாள் ஏழு மணிக்கே போய் மருத்துவமனையின் பின்வாசலில் நின்றார். மச்சான் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விசிலடித்தபடி வந்தார்.

"என்ன மாப்ளே, வரவேற்பெல்லாம் பலமா இருக்கு!"

இஸ்திரிக்காரர் அவரை டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் கருவிப்பையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்:

"எதுல செத்தேன்?"

"மஞ்சக்காமாலை."

"அடப்பாவி! ஒரு தீ விபத்து, நாலு குழந்தைங்களைக் காப்பாத்தப் போனேன், அப்படி ஏதாவது சொல்லக்கூடாதா? மஞ்சக்காமாலையாம். எத்தனை பேர் அழுதாங்க?"

"மூணு பேர். என்னையும் சேத்து நாலு."

"நாலுதானா?" மச்சானுக்கு மனசு ஆறவில்லை. "எதுக்குய்யா என்னை? உனக்கு வேற சொந்தமே இல்லையா?"

"ஏணி…" என்று ஆரம்பித்தார் இஸ்திரிக்காரர்.

"ஒரு படிக்கா? ஒரு ஏணிப் படிக்கு ஓர் உசுரா?" மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். "சரி விடு. நான் செத்தவனோட அண்ணன். அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதத்தைப் பத்தரை மணிக்கு எல்லாரும் கண்டார்கள். பாய்லரை ஓரளவு சரிசெய்துவிட்டு, டீ கிளாஸோடு நடுவில் வந்து உட்கார்ந்தார். செத்தவனின் அண்ணன் என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் அம்மா அவருக்கு இரண்டு பிஸ்கட் அதிகம் கொடுத்தார். அது போதுமானதாக இருந்தது.

"என் தம்பி மாதிரி ஒரு மனுஷன் பொறக்கணும்மா" என்று பெருமூச்சு விட்டார் மச்சான். "என்ன அழகு! என்ன அறிவு! கை வச்சா எந்த மெஷினும் ஓடும். ஊர்ல பாதி பேர் அவனைப் பாத்துதான் மீசை வச்சாங்க. ஒரே ஒரு குறை, சொந்தக்காரங்க யாருக்கும் அவன் அருமை தெரியல." இஸ்திரிக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒரு ஏணி இரவல் கேட்டாக்கூட மூஞ்சியைச் சுளிப்பாங்க."

டிரைவர் 'ச்சொ ச்சொ' என்றார். இஸ்திரிக்காரர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மடிப்பு அக்கா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு மச்சானுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். தப்பா நெனைக்காதீங்க. மூணு மாசமா தினம் காலைல என் தங்கச்சிக்கு வேண்டிக்கும்போது, உங்க தம்பிக்கும் சேத்து வேண்டிக்கறேன்."

மச்சான் பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார்.

"என் தங்கச்சி தனியா இருந்தே பழக்கமில்லாதவ. பேசிக்கிட்டே இருக்கணும் அவளுக்கு. போனதுலேர்ந்து எனக்கு அதான் கவலை, அங்க யார்கூடப் பேசுவான்னு. உங்க தம்பி கதையைக் கேட்டதும், சரி, நம்ம ஆளு ஒருத்தர் போயிருக்கார், பேச்சுத்துணை ஆச்சுன்னு நெனச்சேன். அதுலேர்ந்துதான் நிம்மதியா தூங்கறேன். அவர் நல்லாப் பேசுவாரா சார்?"

வாழ்நாளில் முதல்முறையாக மச்சானுக்குப் பேச்சு வரவில்லை. பிஸ்கட்டை மெதுவாகத் தட்டில் வைத்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'இதை நான் செய்ய முடியாது, நீதான் செய்யணும்' என்பது மட்டும் இருந்தது.

ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் அக்கா இனியும் நிம்மதியாகத் தூங்குவார். இஸ்திரிக்காரர் அதையும் யோசித்தார். ஆனால் தினம் விடிந்தால் ஒரு பெண், தான் கட்டிவிட்ட பொய்க்காகக் கை குவிக்கிறாள் என்று தெரிந்த பிறகு, ரோலரின் அந்தப் பக்கம் அவர் முகத்தைப் பார்த்து எப்படித் துணியை நீட்டுவது?

"அக்கா, இவருக்குத் தம்பியே கிடையாது" என்றார். "இவர்தான் என் மச்சான். சாகல. எனக்குச் சொல்றதுக்குக் கதை இல்ல, அதனால சாகடிச்சிட்டேன்."

பாய்லர் மட்டும் எங்கோ 'புஸ்' என்றது. டிரைவர் வாயைத் திறந்தார். சூப்பர்வைசர் அம்மா கையைக் காட்டியதும் மூடிக்கொண்டார்.

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினார். பிறகு கேட்டார்:

"என் தங்கச்சி பாட்டுக்கு அழுதீங்களே தம்பி. அதுவும் சும்மாவா?"

"அது நெஜம்க்கா."

"எப்படி நம்பறது?"

பொய் சொன்னவர் கையில் உண்மை இருந்தாலும் அதைக் காட்ட முடியாமல் நிற்க வேண்டியதுதான். அக்கா எழுந்தார். ரோலர் பக்கம் போகாமல், கோடியில் இருந்த துண்டு மடிக்கும் மேஜைக்குப் போகத் திரும்பினார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் மச்சான். "உங்க சட்டப்படி நான் ஒரு பாட்டு வைக்கலாமா?"

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் தன் போனிலிருந்து ஒன்றை வைத்துவிட்டார். குழந்தைகள் டிவியில் வருகிற பொம்மைப் படத்தின் தொடக்கப் பாட்டு. ஒரு வாத்தோ என்னவோ, கீச்சுக்குரலில் பல் தேய்க்கச் சொன்னது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வேலை போச்சு" என்றார். இப்போது அவர் குரலில் நடிப்பு இல்லை. "எழுந்திரிக்கவே பிடிக்கல. கட்டிலை விட்டு இறங்க மாட்டேன். வந்தவங்க எல்லாம் புத்தி சொன்னாங்க. எங்க அம்மா அழுதாங்க. என் தங்கச்சி திட்டினா. இந்த ஆளு தினம் வேலை முடிஞ்சு வருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. டிவி ரிமோட்ல பேட்டரி தீர்ந்துபோய் இந்தச் சேனல்லயே நின்னுடுச்சு. ரெண்டு பேரும் எழுந்து மாத்தல. ஒரு மாசம், ரெண்டு எருமைமாடுங்க மாதிரி உக்காந்து இந்த வாத்தைப் பாத்தோம். பாதி நேரம் இவர் தூங்கிடுவாரு, குறட்டை வேற. போகும்போது ஆணியில தொங்கற என் சட்டையை எடுத்துத் தேய்ச்சு மாட்டிட்டுப் போவாரு. தினம் அதே சட்டைதான், நான் போடவே இல்ல, ஆனாலும் தேய்ப்பாரு. ஒருநாள் காலைல அது அவ்வளவு மொடமொடன்னு இருந்துச்சு. பாவமாப் போச்சு. போட்டுக்கிட்டு வேலை தேடக் கிளம்பினேன்."

அவர் பாட்டை நிறுத்தினார். "பொய் சொல்றவர்தான். அதுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனா நெஞ்சு காலியான ஆள் இல்ல."

அக்கா திரும்பி இஸ்திரிக்காரரைப் பார்த்தார்.

"தினம் சட்டை தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சிருப்பேன்க்கா." அவர் நிஜமாகவே யோசித்தார். "ஞாபகம் இல்ல. வாத்து மட்டும் ஞாபகம் இருக்கு."

"மச்சான் செத்த கதை மட்டும் ஜன்னல்லேர்ந்து எல்லாம் அச்சடிச்ச மாதிரி ஞாபகம் இருந்துச்சு" என்றார் அக்கா. "இது ஞாபகம் இல்லையா?" அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "அப்ப இது நெஜம்தான்."

அவர் துண்டு மேஜைக்குப் போகவில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் என் தங்கச்சி மறுபடி தனியாயிட்டாளே."

"தனியா எல்லாம் விட மாட்டேம்மா" என்றார் மச்சான். "நானும் எப்படியும் ஒருநாள் போறவன்தான். போனதும் மொத வேலையா உங்க தங்கச்சியைத் தேடிப் பிடிச்சு, பேசிப் பேசியே காதை அறுத்துடறேன். தேதி மட்டும் கேக்காதீங்க. புது வேலை, இன்னும் லீவுகூட வரல."

முதலில் சிரித்தது சூப்பர்வைசர் அம்மா. அப்புறம் டிரைவர். அக்கா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"அதுவரைக்கும் அவளுக்கு ஆண்டவன் வேற ஆளைப் பாத்துத் தருவாரு" என்றார். "ஆனா நான் உங்களுக்கு வேண்டிக்கறதை நிறுத்த மாட்டேன் சார். பழகிடுச்சு. உசுரோட இருக்கறவங்க பக்கம் மாத்திக்கறேன், அவ்வளவுதான்."

"ரொம்ப சந்தோஷம்மா. கையோட எங்க மாப்ளையையும் அந்தப் பக்கம் சேத்துக்குங்க" என்று எழுந்து கருவிப்பையை எடுத்தார் மச்சான். "மூணு மாசமா அண்ணன் செத்துக் கிடக்கறது என் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. இன்னைக்குச் சாயங்காலம் நானே போய்ச் சொல்லப்போறேன்."