உட்கார ஓர் ஆள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்ததால் அவளைத் தெருவில் எல்லோரும் லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கணவர் பெயின்டர். ஏரியில் வாடகைக்கு ஓடுகிற படகுகளுக்கெல்லாம் வண்ணம் அடித்தவர். அவர் கோடு இழுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். அறுபதுகூட ஆகவில்லை, அதற்குள் மறதி நோய் வந்து மனுஷனை உள்ளிருந்தே அரித்துவிட்டது. முதலில் தூரிகையைத் தேடினார், பிறகு வீட்டைத் தேடினார், கடைசியில் அவளையே தேட ஆரம்பித்தார். "வீட்டம்மா எப்ப வருவாங்க?" என்று அவளிடமே கேட்பார். "இப்ப வந்துடுவாங்க, நீங்க சாப்பிடுங்க" என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாள்.

நகராட்சியின் பகல் காப்பகத்தில் அவரை விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். செவ்வாயும் வியாழனும் காப்பகத்தை மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். அந்த இரண்டு மத்தியானத்துக்கும் ஊர்த் தொண்டர் மன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். இருவரும் சீட்டு ஆடுவார்கள். "அவரு ஆட்டத்தையே மறந்துட்டு என்னை ஜெயிச்சுடறாரும்மா" என்று தபால்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவளுடைய பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

தபால்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. பட்ட காலிலேயே படும் என்பது அவர் கால் விஷயத்தில் அவளுக்குப் பலித்தது.

மன்றத்துக்கு ஓடினாள். செயலாளரம்மா நல்ல மனுஷி, கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏரியைச் சுத்தம் பண்ணணும்னு சொன்னா வண்டி கட்டிக்கிட்டு வர்றாங்கம்மா. மரம் நடக் கூப்பிட்டாலும் வர்றாங்க. ஒரு வீட்டுக்குள்ள போய் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காருங்கன்னா மட்டும் எல்லாருக்கும் அன்னிக்குத்தான் வேலை வருது. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"யாராச்சும் ஒருத்தர் போதும்மா. அவரு தொந்தரவே குடுக்க மாட்டாரு."

"பாக்கலாம்மா. தைரியமா இரு."

தைரியத்தை வைத்துக்கொண்டு வியாழக்கிழமையைத் தள்ள முடியுமா? மாடிவீட்டில் கேட்டாள், எதிர்வீட்டில் கேட்டாள். ஒருத்திக்குப் பயம், இன்னொருத்திக்குப் பேத்தியின் பரீட்சை. சலவைக்கூடத்து மேற்பார்வையாளரோ, "இன்னொரு தடவை பாதியில கிளம்பினீங்கன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

அவள் அவரை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து, சோறு போட்டு, ரேடியோவைப் பாட விட்டு, அடுப்பின் காஸை மூடி, வெளியே பூட்டுப் போட்டாள். பூட்டு விழுந்த சத்தம் வேலை முடியும்வரை காதிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. ஒன்றும் ஆகாததால் மறுபடியும் பூட்டினாள்.

மூன்றாவது முறை வந்தபோது கதவு திறந்து கிடந்தது. பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தாள். மாற்றுச்சாவியைக் காணோம்.

தெருமுனையில் தண்ணீர் கேன் போடுகிறவன் வண்டியில் காலி கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான். "அக்கா, நல்ல ஆளுக்கா நீங்க! அண்ணன் உள்ள இருக்கறது தெரியாம பூட்டிட்டுப் போயிட்டீங்களாமே. ஜன்னல் வழியா சாவியைக் குடுத்தாரு, நான்தான் திறந்துவிட்டேன்."

"எப்ப?"

"ரொம்ப நேரமாச்சேக்கா. ஏரிப் பக்கமா போனாரு." அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவன் கையிலிருந்த கேன் நழுவியது. "ஏன்க்கா? நல்லாத்தானே பேசினாரு... தேங்க்ஸ் தம்பின்னுகூடச் சொன்னாருக்கா."

அவனை ஏசவும் அவளுக்கு நேரமில்லை. செயலாளரம்மாவுக்கு போன் போட்டாள்.

அதற்குப்பிறகு நடந்ததை ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. செய்தி போன வேகத்தில் ஏரிக்கரை நிறைந்துவிட்டது. கை வைக்காத, பளபளக்கும் ஆரஞ்சு மேலங்கியும் கழுத்தில் விசிலுமாகத் தொண்டர்கள் வந்தார்கள். பேக்கரிக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள். பயந்தவளும் வந்தாள், பரீட்சைக்காரியும் வந்தாள். யாரோ அவள் கையில் டீயைத் திணித்தார்கள். அவள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை பேரும் இதே ஊரில்தான் இருந்தார்களா?

கரையோரமாக நடந்து நடந்து அவர் பெயர் சொல்லிக் கத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டது. வெயில் இறங்க ஆரம்பித்தபோது கோரைப்புல்லின் ஓரம் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது.

"அவரோடதாம்மா?" என்று செயலாளரம்மா கேட்டார்.

காலையில் அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டது அவள்தான். ஆனால் கறுப்பா பழுப்பா என்று நினைவுக்கு வரவில்லை. "தெரியலம்மா" என்றாள். அப்படிச் சொல்ல நேர்ந்ததே பெரிய பாவம் போல இருந்தது.

படகுத்துறையில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் போய் நீளக் கயிற்றில் கட்டிய இரும்புக் கொக்கியை எடுத்து வந்தார். அவள் பார்வையில் படாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துத்தான் கொண்டுவந்தார். அவள் பார்த்துவிட்டாள். அது எதற்கென்று ஏரிக்கரையில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அப்போது அவள் மனசுக்குள் ஒரு நினைப்பு, கூப்பிடாத விருந்தாளி மாதிரி, நேராக வந்து உட்கார்ந்தது. இனிமேல் தூங்கலாம். அவ்வளவுதான். ராத்திரி பூராவும் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம், செவ்வாய்க்கிழமையை நினைத்து நடுங்க வேண்டாம், தூங்கலாம். ஒரு மூச்சு நேரம் அது எத்தனை சுகமாக இருந்தது! மறு மூச்சில் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் வந்தது. தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். "அழாதம்மா, கிடைச்சிடுவாரு" என்று முதுகைத் தடவினார்கள். தடவத் தடவ அழுகை கூடியது.

கோரைக்கு அப்பாலிருந்து விசில் சத்தம் வந்தது. விட்டு விட்டு, விடாமல்.

கட்டு அவிழ்ந்து ஒதுங்கியிருந்த பழைய படகொன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். துடுப்பு இல்லை. முழங்கால்வரை ஈரம், உதடு வெடித்திருந்தது, உடம்பு வெடவெடவென்று ஆடியது. படகின் விளிம்பில் உரிந்திருந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். காலில் இரண்டு செருப்பும் இருந்தன.

கரையில் இறக்கியதும் அவளைப் பார்த்து, "ஏம்மா, எங்க வீட்டம்மா தேடிக்கிட்டு இருப்பாங்க. நான் இங்க இருக்கேன்னு கொஞ்சம் சொல்லிடறீங்களா?" என்றார்.

"சொல்லிட்டேங்க" என்றாள் அவள். தன் துப்பட்டாவை எடுத்து அவர் தோளில் சுற்றினாள்.

கூட்டம் கைதட்டியது. சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், சிலர் படம் எடுத்தார்கள். "நம்ம ஊர் மாதிரி வருமா!" என்றார் பேக்கரிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் திரும்பினாள். தொண்டையில் குரலே இல்லை, இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

"தேடறதுக்கு ஊரே வந்தீங்க. உங்க காலெல்லாம் தொட்டுக் கும்பிடறேன். ஆனா உக்கார்றதுக்கு ஒருத்தர் வந்திருந்தா இவரைத் தேடவே வேண்டியிருக்காதே. வீடு வீடா வந்து கேட்டேனே! இவரு செத்துப்போயிருந்தா மாலையோட வந்திருப்பீங்க இல்ல?"

கைதட்டல் அப்படியே நின்றுபோனது. செயலாளரம்மா தலைகுனிந்தார். ஒவ்வொருவராக மேலங்கியைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுக் கலைந்தார்கள். 'என்ன இருந்தாலும் இப்படிப் பேசியிருக்க வேண்டாம்' என்று யாரோ போகிறபோக்கில் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் தண்ணீர் கேன்காரன் மட்டும் நின்றான். அவனும் இடுப்புவரை நனைந்திருந்தான்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்குக் கேன் போடற லைன் கிடையாது. நான் வந்து உக்கார்றேன். எனக்குச் சீட்டு ஆடத் தெரியாது, பரவாயில்லையா?"

"அவருக்கும் தெரியாது" என்றாள்.

சொன்னபடியே செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். ஜன்னல் பக்கம் போகாமல், கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக் காவல்காரன் மாதிரி உட்கார்ந்தான். வேறு யாரும் வரவில்லை. வெட்கமோ கோபமோ, தெருவில் அவளைப் பார்த்தால் இரண்டு பேர் எதிர்ப்பக்கமாக நடக்கவும் ஆரம்பித்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் பூட்டை எடுக்கவில்லை. அவரைச் சலவைக்கூடத்துக்கே கூட்டிப்போனாள். பின்வாசல் வழியாக நுழைந்து, அழுக்குத்துணி வண்டிகளுக்குப் பின்னால் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார வைத்தாள். இயந்திரங்களின் இரைச்சலில் அவர் மிரண்டு அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் விரிப்பு மடிக்க முடியாது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஒரு தலையணை உறையை அந்தக் கையில் கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளர் வருகிற வாசலைப் பார்த்தபடி அவள் மடிக்கத் தொடங்கினாள்.