ஹெல்மெட் கழற்றும் நாள்

"பேனா நல்லா எழுதுதா மாஸ்டர்?" என்று டீச்சர் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

எழுதுகிறது என்று குதிரை மாஸ்டரும் மூன்றாவது முறையாகச் சொன்னார். ஏழு மாதத்துக்கு முன்பு வரை எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் அவள். மாஸ்டரின் குதிரையேற்றப் பள்ளியில் குதிரையிலிருந்து விழுந்த பிறகு, பேனா பிடித்தால் கை நடுங்குகிறது, கேட்டதையே கேட்கிறாள். அதனால் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு, லகான் பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் பேனாவை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவளுடைய கணவர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு நகராட்சியில் கூட்டம். குதிரை ஏறுகிற எல்லோரும், கற்றுக்குட்டியானாலும் கைதேர்ந்தவரானாலும், ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவரலாமா என்று பேசப்போகிறார்கள். குதிரைப் பள்ளிக்காரர்கள் சங்கம், வேண்டாம் என்று பேச மாஸ்டரைத்தான் பிடித்திருந்தது. "விழுந்த டீச்சரே தன் கவனக்குறைவுதான்னு எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் ஊருக்கெல்லாம் எதுக்குச் சட்டம்னு ஒரே போடா போட்டுடலாம்" என்று சங்கத் தலைவர் சொன்னார். மாஸ்டர் நல்ல மனிதர்தான். தலையை ஆட்டிவிட்டு நேரே இங்கே வந்த நல்ல மனிதர்.

அவருடைய பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஹெல்மெட் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மட்டும். நாலுகால் பாய்ச்சலில் மைதானத்தை மூன்று சுற்று சுற்றி, லகானை இழுக்காமல் குதிரையை நிறுத்திக் காட்டினால், மாஸ்டரே வந்து தாடைக்குக் கீழே இருக்கும் வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றுவார். அதுதான் பட்டமளிப்பு. டீச்சருக்குக் கழற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் வியாழக்கிழமை அவள் மறுபடியும் ஹெல்மெட்டோடுதான் வந்தாள். "என்ன டீச்சர், இன்னும் பால்குடி மறக்கலையா?" என்றார் மாஸ்டர். நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டு ஏறினாள். குதிரை ஓடக்கூட இல்லை, நடந்துகொண்டுதான் இருந்தது. காற்றில் ஒரு பிளாஸ்டிக் தாள் பறந்து வந்தது. குதிரை மிரண்டது. அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு, அந்த வியாழன், அதற்கு முந்தைய இரண்டு மாதம் எல்லாமே அவளுடைய நினைவிலிருந்து துடைத்தாற்போல் போய்விட்டன. சிரித்த நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவர், "ஹெல்மெட் போடலையா மாஸ்டர்?" என்று கேட்டபோது, "நான் எவ்வளவோ சொன்னேங்க" என்று மாஸ்டரின் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை, பயத்தில் வந்தது. ஆனால் வந்த பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏழு மாதம் இருந்ததே! ஒவ்வொரு வாரமும் அவளைப் பார்க்க வந்தார், பழம் வாங்கி வந்தார், அதை மட்டும் சொல்லாமல் போனார்.

"எழுதுங்க" என்றாள் டீச்சர். "நான் விழுந்ததுக்கு யாரும் காரணம் இல்ல. மாஸ்டர் போடச் சொன்னாரு. நான்தான் கேக்கல."

முதல் வாக்கியத்தை எழுதிவிட்டார். அடுத்ததில் 'மாஸ்டர்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

"அப்பா கூட ஸ்கூட்டர்ல வர்ற பசங்க ஹெல்மெட் போடலேன்னா ஸ்கூல் கேட்டுலயே நிறுத்திடுவேன் மாஸ்டர். நானா இப்படிப் பண்ணேன்னு எனக்கே நம்ப முடியல." அவள் மேஜைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க போட்டுட்டுத்தான் வந்தீங்க டீச்சர்."

"என்ன?"

"நான்தான் கேலி பண்ணிக் கழட்ட வெச்சேன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம, மூணு சுத்து முடிச்சதும், என் கையாலயே உங்களுக்குக் கழட்டினேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னதெல்லாம் பொய்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எது வந்தாலும் வரட்டும் என்றிருந்தது.

"மூணு சுத்தும் நானே ஓட்டினேனா?" என்றாள் டீச்சர்.

நிமிர்ந்து பார்த்தார். அவள் மேஜையில் முழங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தாள்.

"நீங்களேதான்."

"லகானை இழுக்காமயா நிறுத்தினேன்?"

"இழுக்கவே இல்ல."

"எல்லாரும் கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க டீச்சர். ரொம்ப நேரம் தட்டினாங்க."

சமையலறை வாசலில் கணவர் வந்து நின்றார். டீச்சர் அவர் பக்கம் திரும்பி, பரீட்சை முடிவு வந்த பிள்ளையைப் போல, "கேட்டீங்களா? நான் மூணு சுத்து ஓட்டியிருக்கேன்!" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த தட்டில் மூன்று கோப்பைகளும் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.