கூடையை இறக்கி வைத்தவள்

சென்ற காலபோகத்து மாரி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராஜினி எழுதிய மின்னூலின் அட்டையில் தேயிலை கொய்துகொண்டிருந்த பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தை விட்டுப் போய்விட்டாள். பரந்தன் பஸ் தரிப்பிடத்தில் தொலைபேசியில் அந்த நூலை வாசித்துக்கொண்டிருந்த தாதி ஒருவர்தான் அதை முதலில் கண்டார். அதே நேரத்தில் ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஈ-ரீடர் வைத்திருந்தவர்களின் அட்டைகளிலும் மலை இருந்தது, பனிமூட்டம் இருந்தது, கூடையும் இருந்தது. ஆளை மட்டும் காணவில்லை. பின்னேரம் வவுனியா பஸ்ஸில் வந்து இறங்கிய அவள், தலைமயிரில் பனி ஈரம் காயாமலே, ராஜினியின் வீட்டுக்கு வழி கேட்டாள். கடைக்காரர் கையைக் காட்டினார். அன்று தேங்காய் விலை ஏறியிருந்தபடியால் ஊரில் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள்.

அவள் வந்ததில் நியாயம் இருந்தது. ராஜினியின் தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து அடித்துக் கலைக்கப்பட்டு, வடக்கே வன்னியில் பரந்தனுக்குக் கிழக்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். ராஜினி அங்கேதான் பிறந்தாள். கச்சானும் மிளகாயும் பயிரிட்டாள், யுத்தத்தில் ஊரோடு ஓடினாள், ஊரோடு திரும்பி வந்தாள். தேயிலைச் செடியை அவள் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வேலிச் சண்டை வந்தால் அயலவர் வாயில் முதலில் வருவது, மலைத்தோட்டச் சனத்தை இளக்காரமாகச் சொல்கிற ‘தோட்டக்காட்டாள்’ என்ற சொல்தான். பிறந்த மண்ணில் நின்றுகொண்டு அதைக் கேட்பது அவளுக்குச் சுட்டது. நாங்கள் இந்த மண்ணின் சனம் என்ற ஒன்றைச் சொல்வதற்காகத்தான் ‘வாய்க்கால் வராத வீடுகள்’ என்ற நாவலைத் தொலைபேசியிலேயே எழுதி முடித்தாள்.

அச்சிட்டால் என்ன நடக்கும் என்பது எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். சொந்தச் செலவில் முந்நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் வாங்கி, மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடுக்க வேண்டும். பிறகு அதை வாசிப்பது கறையான். அந்த நேரத்தில்தான் கொழும்பில் மின்னூல் பதிப்பகம் நடத்திய செந்தூரன் அகப்பட்டான். கடுதாசி வேண்டாம், பார்சல் வேண்டாம், உலகம் முழுக்க வாசிக்கும் என்றான். பொய் சொல்லவில்லை, ஒரு மாதத்துக்குள் ராஜினி பெயர் கேட்டறியாத ஊர்களிலிருந்தெல்லாம் செய்தி வந்தது. ஆனால் அட்டையில் தேயிலைக் கூடையோடு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டான்.

“தம்பி, இது பரந்தன் கதையல்லோ. இதுக்குள்ள தேயிலை எங்க இருக்கு?”

“உங்கட ஆக்கள் எண்டால் வெளிநாட்டுச் சனத்துக்குத் தேயிலைதான் அக்கா. அட்டையைப் பாத்துத்தான் வாங்குறவை.”

அட்டை காலியானதும் செந்தூரன் வேறொருத்தியைப் போட்டான். அவளும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தாள். அடுத்து வந்தவள் கூடையைக்கூட ஒழுங்காக இறக்கவில்லை, எறிந்துவிட்டு வந்தாள். ராஜினி எல்லோருக்கும் பாய் போட்டாள். முதலில் வந்தவள் படத்தில் வடிவாக இருந்தவள் என்பதால் ஊர் அவளை வடிவம்மா என்று கூப்பிட்டது. கிராம சேவகர் நிரந்தர முகவரி கேட்டபோது அவள் “அட்டைப் படமுங்க” என்றாள். அவர் பெருமூச்சு விட்டு ராஜினியின் விலாசத்தையே எழுதிக்கொண்டார்.

மின்னூலில் ஒரு வசதி உண்டு. பதிப்பாளர் கொழும்பில் ஒரு பொத்தானை அழுத்தினால், விற்ற பிரதிகள் எந்த நாட்டில் இருந்தாலும் மாறிவிடும். அட்டையில் தோற்றுப்போன செந்தூரன் கதைக்குள் கை வைத்தான். ஒரே காலையில் பரந்தன் நுவரெலியா ஆயிற்று. மிளகாய்ச் செடியெல்லாம் தேயிலைச் செடி. சித்திரை வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்த கதாநாயகி அடுத்த வரியில் கம்பளிச் சட்டையோடு நடுங்கினாள். பாதி வாசித்திருந்தவர்கள் தாங்கள்தான் எங்கோ பக்கம் மாறிவிட்டோம் என்று நினைத்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? ராஜினி செந்தூரனிடமே சொன்னாள்.

“என்ர கதையைப் பழையபடி போடுங்கோ.”

“புத்தகம் உங்கடதான் அக்கா. கோப்பு எங்கட. சனம் தேடுறதைத்தானே நாங்கள் குடுக்கலாம்?”

அன்று ராஜினி அழுதாள். துக்கத்தில் அல்ல, கோபத்தில். தாய் தகப்பனை மலையிலிருந்து கலைத்தவர்களுக்குத் தடியும் நெருப்பும் தேவைப்பட்டன. அவள் எழுதிய அத்தனை பேரையும் இங்கிருந்து கலைக்க ஒரு விரல் போதுமாக இருந்தது. அவள் அழுது முடியும்வரை வடிவம்மா பக்கத்தில் இருந்தாள். பிறகு சேலையை வரிந்து கட்டினாள்.

“காடு வெட்டுறது நமக்குப் புதுசா புள்ள? மம்பட்டிய எடு.”

ராஜினி தன் ஈ-ரீடரைக் கதிரையில் சாத்தி வைத்தாள். அட்டையிலிருந்து வந்த பெண்கள் கத்தியும் மண்வெட்டியும் சோற்றுப் பார்சலுமாக, முதலாம் அத்தியாயத்தின் வழியே ஒருவர் பின் ஒருவராக உள்ளே இறங்கினார்கள். ராஜினியும் போனாள். தேயிலை வேர் ஆழமானது, லேசில் வராது. ரொறன்ரோ ரயிலில் ஒருவரின் பைக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பாரிசில் ஒரு பெண்மணியின் மடியில் செம்மண் கொட்டியது. அவர் அதைப் பூச்சாடிக்குப் போட்டார். அத்தியாயம் அத்தியாயமாகப் பரந்தன் திரும்பி வந்தது. செந்தூரன் பின்னேரங்களில் மறுபடி பொத்தானை அழுத்தினான், அவர்கள் காலையில் மறுபடி இறங்கினார்கள். அவன் களைக்கும்வரை இது நடந்தது, இவர்கள் களைக்கவில்லை. பிடுங்கிய செடிகளை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும்? அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் அவனுடைய பதிப்பகக் கந்தோர் கூரைவரை தேயிலைச் செடியால் நிறைந்து, ஒருநாள் கதவைத் திறக்க முடியாமல் போயிற்று.

அவன் வெளியே படியில் இருந்தபடி ராஜினிக்கு அழைப்பு எடுத்தான்.

“உங்கட கதையில இனி நான் கை வைக்கமாட்டன் அக்கா. அட்டையில மட்டும் ஆரையாவது நிக்கச் சொல்லுங்கோ. வெறும் மலை கிடக்குது. அந்தப் பொம்பிளை எங்க எண்டு சனம் கேட்டுக்கொண்டே இருக்குது.”

ராஜினி வெளியே பார்த்தாள். வடிவம்மா மிளகாய்ப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“அவா வீட்டில நிக்கிறா எண்டு சொல்லுங்கோ. கூப்பிட்டாலும் வரமாட்டா.”

செந்தூரனுக்கு வேறு வழி தெரியவில்லை. அதையே நூலின் விவரக் குறிப்பில் எழுதிப் போட்டான். இன்று அந்த நூலை வாங்குகிறவர்கள் ஆளில்லாத மலையைப் பார்க்கிறார்கள், அந்த வரியை வாசிக்கிறார்கள், பிறகு பக்கத்தைத் திருப்பிக்கொண்டு பரந்தனுக்குள் வருகிறார்கள்.